லயக் காம்பராவும் தனிவீடும்



‘எலி வளையானாலும் தனி வளை வேண்டும்’ என்பது நம் முன்னோர் வழங்கிய பழமொழி. இப்பழமொழியின் உண்மையைச் சோதித்துப் பார்க்கும் காலம் இன்று கண்டி மாநகரத்தார்க்கு வாய்த்திருக்கிறது. நகரைச் சுற்றியுள்ள குன்றுகளில் காணிவிலை ஏறிக்கொண்டே போகிறது. வீடு வாங்க எண்ணும் குடும்பத்தார் முன்னே இரண்டு வழிகள் நிற்கின்றன. அடுக்குமாடிக் கட்டடத்தில் ஒரு வீட்டை வாங்குவது ஒன்று. நகருக்குச் சற்று அப்பால் சில பேர்ச்சஸ் நிலம் தேடித் தனிவீடு கட்டுவது மற்றொன்று. எது நன்று என்று கேட்டால், விலையையும் தூரத்தையும் வங்கிக் கடனையும் கணக்கிட்டு விடை கூறுவோர் பலர்.

ஆனால் இந்த மலைநாட்டிலே இவ்வினா புதியதன்று. பலர் ஒரே கூரையின் கீழ், சுவரோடு சுவர் ஒட்டி வாழ்வதா, ஒவ்வொரு குடும்பமும் தன் முற்றத்தில் தானே நிற்பதா என்ற வழக்கு, இங்கே தேயிலைக்கும் முற்பட்ட வயதுடையது. அதன் வரலாற்றை ஒருமுறை திரும்பிப் பார்த்தால், வீட்டின் வடிவத்தைப் பற்றிய வினாவுக்கு முன்னே கேட்கவேண்டிய வேறொரு வினா உண்டு என்பது புலனாகும்.

முதலில் கண்டி அரசர் காலத்தை நோக்குவோம். 1660 ஆம் ஆண்டில் கண்டி அரசனின் ஆட்களாற் சிறைப்பிடிக்கப்பட்டு, 1679 இல் தப்பிச் சென்ற ரொபர்ட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர், 1681 இல் இலண்டனில் வெளியிட்ட தம் நூலில் அக்காலத்து வீடுகளைப் பற்றிக் கூறியிருக்கிறார். குடிமக்களின் வீடுகள் தாழ்ந்தவை. கம்பும் களிமண்ணும் கொண்டு கட்டி, வைக்கோல் முதலியவற்றால் வேயப்பட்டவை. மாடி எழுப்பவோ, ஓடு வேயவோ, சுவருக்குச் சுண்ணாம்பு பூசவோ சாதாரண மக்களுக்கு அனுமதி கிடையாது. அவையெல்லாம் பெருமக்களுக்கும் அரசனுக்கும் உரிய மேன்மைகள். ஆகவே அக்காலத்தில் மலைநாட்டான் ஒவ்வொருவனும் தனிவீட்டில் வாழ்ந்தான் என்பது மெய். ஆயினும் அவ்வீட்டின் உயரத்தையும் கூரையையும் சுவரின் நிறத்தையும் தீர்மானித்தவன் அவன் அல்லன் என்பதும் மெய்.

கண்டி நகரில் மலபார் வீதி என்றொரு தெரு உண்டு. 1739 முதல் கண்டியை ஆண்ட நாயக்க மன்னர்களின் உறவினர்கள் குடியிருந்த தெரு அது. தென்னிந்தியாவிலிருந்து வந்து, அரச குலத்தோடு உறவு பூண்டு, தலைநகரில் வீடும் வாசலுமாக வாழ்ந்தவர்கள் அவர்கள். 1815 மார்ச் 2 ஆம் நாள் கண்டி உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் ஆட்சியுரிமை நீக்கப்பட்டதோடு, அவன் உறவினரான ஆடவர் கண்டி நாட்டில் இருத்தலாகாது எனவும் அவ்வுடன்படிக்கை விதித்தது. செல்வமும் செல்வாக்கும் நிறைந்த அவ்வீடுகளின் கதவுகள் ஒரு தாளில் எழுதிய சில வரிகளால் மூடப்பட்டன. வீட்டின் உறுதி சுவரில் இல்லை, அதன்மேல் நமக்குள்ள உரிமையை அரசும் சட்டமும் ஏற்றுக்கொள்வதில் இருக்கிறது என்பதை மலைநாட்டுத் தமிழ் பேசுவோர்க்கு உணர்த்திய முதற் பாடம் அது எனலாம்.

இரண்டாம் பாடம் கோப்பியோடு வந்தது. 1820களில் கம்பளைக்கு அருகே சின்னப்பிட்டியவில் ஜோர்ஜ் பேர்ட் என்பவரும், பேராதனைக்கு அண்மையிலுள்ள கன்னொறுவையில் தேசாதிபதி எட்வேட் பார்ன்ஸும் கோப்பித் தோட்டங்களைத் தொடங்கினர். 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உரித்தை நிறுவ இயலாத காடுகளையும் தரிசு நிலங்களையும் முடிக்குரியனவாகக் கொள்ள வழிவகுத்தது. கிராமத்தவர் சேனை செய்த மலைச்சரிவுகளும் இதனுள் அடங்கின. அவ்வாறு முடியின் கைக்கு வந்த நிலம் தோட்டத்துரைமாருக்கு மலிவாக விற்கப்பட்டது. கண்டி நகருக்குத் தெற்கே ஹந்தானை, கலஹா, தெல்தோட்டை, ஹேவாஹெட்ட எனவும், கிழக்கே பன்விலை, மடுல்கலை, ரங்கல எனவும் மலைகள் தோட்டங்களாயின. காடழித்துக் கன்று நடத் தமிழ்நாட்டின் வறண்ட மாவட்டங்களிலிருந்து மக்கள் திரட்டி வரப்பட்டனர். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து வந்த அவர்களுள், இடைவழியில் நோயாலும் பசியாலும் மாண்டோர் எண்ணிறந்தோர்.

வந்தவர்களுக்குக் கொடுக்கப்பட்ட இருப்பிடமே ‘லயம்’. வரிசை என்னும் பொருளுள்ள ‘லைன்’ என்ற ஆங்கிலச் சொல்லே தோட்டத்து மக்கள் நாவில் லயன் என்றும் லயம் என்றும் வழங்கலாயிற்று. படைவீரர் தங்கும் பாசறைகளைப் போல், ஒரே கூரையின் கீழ் நீண்ட வரிசையாக அறைகள். ஓர் அறைக்குக் ‘காம்பரா’ என்று பெயர். போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற சொல் அது. பத்தடி அகலமும் பன்னிரண்டடி நீளமும் உடைய காம்பரா ஒன்று. அதன் முன்னே ‘இஸ்தோப்பு’ எனப்படும் சிறு திண்ணை. பெரும்பாலும் அதிலேயே அடுப்பு. சில லயங்கள் இரட்டை வரிசையாகவும் அமைந்தன. முதுகோடு முதுகு ஒட்டிய அக்காம்பராக்களில் பின்புறச் சன்னலுக்கே இடமில்லை. தொடக்கத்தில் மண்சுவரும் புற்கூரையுமாயிருந்து, பின்னர்க் கருங்கல்லும் தகரமுமாக மாறியபோதும் வடிவம் மாறவில்லை.

இவ்வடிவம் ஏன் தெரிந்தெடுக்கப்பட்டது? இதற்கு மூன்று காரணங்கள் உண்டு. முதலாவது சிக்கனம். இரு குடும்பங்களுக்கிடையே ஒரு சுவர் போதும். எல்லார்க்கும் சேர்த்து ஒரு கூரை போதும். இரண்டாவது மேற்பார்வை. அதிகாலையிற் பிரட்டுக் களத்துக்கு ஆட்களை அழைக்கவும், வராதவர் யாரென அறியவும், கங்காணிக்கும் கணக்கப்பிள்ளைக்கும் வரிசை வீடு வசதியானது. மூன்றாவது, கோப்பித் தொழிலின் இயல்பு. கோப்பிப் பழம் பறிக்கும் காலம் ஆண்டில் சில மாதங்களே. அறுவடைக்கு வந்தோர் பலர் ஊர் திரும்பினர். ஆதலின் லயம் ஒரு தங்குமடமாகவே கருதப்பட்டது. குடும்பம் தழைக்கும் இல்லமாக அதனை எவரும் எண்ணிக் கட்டவில்லை.

காலம் மாறிற்று. 1867 இல் ஹேவாஹெட்ட மலைத்தொடரிலுள்ள லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். அதே ஆண்டில் கண்டிக்குப் புகையிரதமும் வந்தது. 1869 இல் தோன்றிய இலைநோய் கோப்பியைப் படிப்படியாக அழிக்க, அதன் இடத்தைத் தேயிலை பிடித்தது. தேயிலைக்கு அறுவடைக் காலம் என்று ஒன்று இல்லை. ஆண்டு முழுதும், வாரந்தோறும் கொழுந்து எடுக்க வேண்டும். எனவே ஆணும் பெண்ணும் பிள்ளைகளுமாகக் குடும்பங்கள் நிலையாகத் தங்கின. தொழில் நிலையானதாயிற்று, மக்கள் நிலையானவராயினர், வீடு மட்டும் தங்குமடமாகவே நின்றுவிட்டது. மலையகத்து வீட்டுப் பிரச்சினையின் வேர் இதுவே. ஒரு பருவத்துக்கெனக் கட்டிய காம்பராவில் ஐந்தாறு தலைமுறைகள் பிறந்து வளர்ந்தன.

லயத்தைப் பற்றிக் கூறுங்கால் அதன் இடநெருக்கடியையும் புகையையும் ஒழுகும் தகரத்தையும் சொல்வதோடு பலர் நிறுத்திவிடுவர். அவை உண்மையே. ஆனால் அவற்றினும் பெரிய குறை ஒன்று உண்டு. லயத்தில் வாழ்பவன் அதன் உரிமையாளன் அல்லன். முறையான வாடகைக்காரனும் அல்லன். உழைப்பின் பொருட்டு அங்கே இருக்க விடப்பட்டவன். இலங்கையின் பொதுச்சட்டமாகிய உரோம-டச்சுச் சட்டத்தின்படி, நிலத்தோடு பொருந்திய கட்டடம் நிலத்தையே சேரும். எனவே காம்பராவுக்கு முன்னால் தன் கைப்பணத்தில் ஒரு குசினியைக் கட்டிக்கொண்டவனுக்கும், கட்டிய அன்றே அது தோட்டத்துக்குச் சொந்தமாயிற்று. தலைவர் கடனையும் ஆளையும் ஒரே சீட்டிற் கட்டிவைத்த ‘துண்டு’ முறை 1921 இல் ஒழிக்கப்பட்டது. ஆயினும் வேலையையும் வீட்டையும் ஒன்றாகக் கட்டிய முடிச்சு அவிழவில்லை. வேலை நீக்கம் என்றால் வீடு நீக்கமும் என்பதே வழக்கமாயிற்று.

இதன் விளைவைக் காட்ட ஒரு நிகழ்ச்சி போதும். கண்டி மாவட்டத்தை அடுத்த கேகாலை மாவட்டத்தில் நேவ்ஸ்மயர் என்றொரு தோட்டம். கிராம விஸ்தரிப்புக்காக அரசாங்கம் அதனை எடுத்துக்கொண்டபோது, அங்கு வாழ்ந்த தொழிலாளர் குடும்பங்கள் லயங்களை விட்டு வெளியேறுமாறு பணிக்கப்பட்டன. 1946 இல் அதனை எதிர்த்து மலைநாட்டுத் தோட்டங்களிற் பெரும் வேலைநிறுத்தம் எழுந்தது. நிலமற்ற கிராமத்தவர்க்கு நிலம் வேண்டும் என்பதில் நியாயம் இருந்தது. நெடுங்காலம் வாழ்ந்தவர்களைத் தெருவில் நிறுத்தலாகாது என்பதிலும் நியாயம் இருந்தது. ஏழையோடு ஏழையை மோதவிட்டது எது? இரு சாராரிடத்தும் காணி உறுதி இல்லாமையே.

1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் இம்முடிச்சை மேலும் இறுக்கியது. மலையகத் தமிழரிற் பெரும்பாலானோர் நாடற்றவராயினர். நாடற்றவனுக்குக் காணிப் பங்கீடு ஏது? 1964 அக்டோபரிற் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பிரித்தது. ஒரே லயத்தில் ஒரு காம்பரா பூட்டப்பட, அடுத்த காம்பராவில் விளக்கு எரிந்தது. குடியுரிமைச் சிக்கல் 1988 ஆம் ஆண்டுச் சட்டத்தாலும் 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தாலும் தீர்க்கப்பட்டது. நாட்டுரிமை கிடைக்கவே ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் சென்றன; வீட்டுரிமை அதற்கும் பின்னே நின்றது.

இடையில் 1973 ஆம் ஆண்டு குறிப்பிடத்தக்கது. அவ்வாண்டின் 1 ஆம் இலக்கச் சட்டம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய வீடுகளின் எண்ணிக்கைக்கு எல்லை வகுத்தது. அதனால் நகரங்களில் வாடகைக்கு இருந்த பலர் தாம் வாழ்ந்த வீட்டுக்கே உரிமையாளராகும் வாய்ப்புப் பெற்றனர். அதே ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டம் அடுக்குமாடி வீட்டுரிமையைப் பற்றியது. கட்டடம் நிலத்தையே சேரும் என்ற பழைய விதியின் கீழ், நான்காம் மாடியிலுள்ள வீட்டை ஒருவர் எப்படிச் சொந்தமாக்குவது? அவர் காலின் கீழே நிலமே இல்லையே! இச்சிக்கலுக்கு அச்சட்டம் விடை கண்டது. வீடு அவருக்குத் தனியுரிமை. நிலம், படிக்கட்டு, வெளிச்சுவர், கூரை, நீர்க்குழாய் முதலியவற்றில் அவருக்கு ஒரு பொதுப்பங்கு. அவற்றைப் பேண வீட்டுக்காரர் யாவரும் அங்கம் வகிக்கும் முகாமைத்துவக் கூட்டுத்தாபனம். ஆக, ஒரே கூரையின் கீழ் சுவரோடு சுவர் ஒட்டி வாழ்வோரும் உரிமையாளராக வாழலாம் என்று 1973 இல் இந்நாட்டுச் சட்டம் ஏற்றுக்கொண்டது. ஆனால் நூறாண்டுகளுக்கு மேலாக அவ்வாறே வாழ்ந்துவந்த லயத்து மக்களுக்கு இவ்விரு சட்டங்களாலும் பயன் விளையவில்லை.

காணிச் சீர்திருத்தம் 1972 இல் தனியார் தோட்டங்களையும் 1975 இல் கம்பெனித் தோட்டங்களையும் அரசுடைமையாக்கிற்று. 1992 இல் 22 பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பெனிகளிடம் நிர்வாகம் ஒப்படைக்கப்பட்டு, பின்னர் நெடுங்காலக் குத்தகையாக்கப்பட்டது. கண்டி, மாத்தளைப் பகுதிகளிலே மக்கள் தோட்ட அபிவிருத்திச் சபை, அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனம் ஆகிய அரச நிறுவனங்களின் நேரடி நிர்வாகத்தில் நின்ற தோட்டங்களும் பல. துரை மாறினார், கம்பெனி மாறிற்று, அரசாங்கம் மாறிற்று. நிலம் அரசினுடையது, குத்தகை கம்பெனியுடையது, வியர்வை தொழிலாளியுடையது. வீடு யாருடையது என்று கேட்டால் விடை சொல்வார் இல்லை.

1990களிலிருந்து லயங்களுக்குப் பதிலாகப் புதிய வீடுகள் கட்டும் முயற்சிகள் பெருகின. அப்போதுதான் மாடி வீடா, தனிவீடா என்ற விவாதம் மலையகத்தில் எழுந்தது. மாடி வீட்டை ஆதரித்தோர் கூறிய நியாயங்கள் புறக்கணிக்கத்தக்கன அல்ல. மலைநாட்டிற் சமதரை அரிது. தேயிலை நிலத்தைக் குறைத்தால் தொழிலும் குறையும். சாலை, நீர், மின்சாரம் ஆகியவற்றை ஓரிடத்திற் கொடுப்பது எளிது, செலவும் குறைவு. ஒரு துண்டு நிலத்திற் பல குடும்பங்களுக்கு இடங்கொடுக்கலாம்.

தனிவீடு வேண்டுமென்றோர் கூறிய நியாயங்கள் வாழ்விலிருந்து பிறந்தவை. மாடியில் வாழ்பவன் மாடு வளர்க்க இயலாது. கோழிக்கூடு வைக்க இயலாது. ஒரு பாத்தி போஞ்சியோ கீரையோ போட இயலாது. தோட்டக் கூலிக்கு அப்பால் அக்குடும்பத்துக்குள்ள துணைவருவாய் இவைதாம். மகனுக்கு மணமானால் தனிவீட்டில் ஓர் அறையை நீட்டலாம். மாடியில் நீட்ட ஆகாயமே உண்டு. யாவற்றிலும் மேலாக, நிலமும் உறுதியும் இன்றி எழும் மாடியை அவர்கள் ‘மாடி லயம்’ என்றே அழைத்தனர். அச்சொல்லில் ஒரு வரலாற்றறிவு அடங்கியிருக்கிறது. படுத்திருந்த லயத்தை நிமிர்த்தி நிறுத்துவதால் அது வீடாகிவிடாது என்பதே அதன் பொருள்.

அடுக்குமாடி வாழ்க்கையே இழிந்ததென்று இதிலிருந்து முடிவுகட்டுதல் தவறு. சிங்கப்பூரைப் பாருங்கள். 1960 இல் அங்கே வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் நிறுவப்பட்டது. 1964 இல் அவ்வீடுகளைக் குடியிருப்போரே வாங்கும் திட்டம் தொடங்கிற்று. இன்று நம் தமிழ்ச் சகோதரர் உட்பட அந்நாட்டு மக்களிற் பெரும்பாலானோர் அடுக்குமாடிகளில், 99 ஆண்டுக் குத்தகையுரிமையோடு, தம் வீடு என்ற பெருமிதத்துடன் வாழ்கின்றனர். அவர்கள் வீட்டை விற்கலாம். பிள்ளைகளுக்கு விட்டுச் செல்லலாம். மின்தூக்கி பழுதானால் திருத்த அமைப்பு உண்டு. பொதுச்செலவுக்கு முறையான கட்டணம் உண்டு. அங்கே சுவர் பொதுவானாலும் உரிமை தெளிவானது. இங்கே லயத்திற் சுவரும் பொது, கூரையும் பொது; உரிமை மட்டும் எவருக்கும் இல்லை. வேறுபாடு மாடியில் இல்லை, பத்திரத்தில் இருக்கிறது.

2014 அக்டோபர் 29 ஆம் நாள் இவ்விவாதத்தின் போக்கை மாற்றியது. பதுளை மாவட்டத்தில், கொஸ்லாந்தைக்கு அருகிலுள்ள மீரியபெத்தை தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடிற்று. அபாயம் உண்டென்று முன்னரே எச்சரிக்கப்பட்ட இடம் அது. ஆயினும் சொந்தமாக ஓர் அடி நிலம் இல்லாதவர்கள் எங்கே பெயர்ந்து செல்வர்? அத்துயரத்தின் பின்னர்த் தனிவீட்டுக் கோரிக்கை வலுப்பெற்றது. 2015 இல் குடும்பமொன்றுக்கு 7 பேர்ச்சஸ் நிலம் வழங்கும் கொள்கையை அரசாங்கம் ஏற்றது. 7 பேர்ச்சஸ் என்பது ஏறத்தாழ 1,900 சதுர அடி. லயக் காம்பராவோ 120 சதுர அடி. இந்தியாவின் உதவியோடு முதலில் 4,000 வீடுகளும், 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் அறிவித்தபடி மேலும் 10,000 வீடுகளும் மலையகத்துக்கு ஒதுக்கப்பட்டன. 2018 இல் பெருந்தோட்டப் பிராந்தியத்துக்கான புதிய கிராம அபிவிருத்தி அதிகார சபை சட்டத்தின்மூலம் அமைக்கப்பட்டது. தோட்டக் குடியிருப்புகளுக்குப் பணம் செலவிடப் பிரதேச சபைகளுக்கு இருந்த சட்டத்தடையும் அதே ஆண்டில் நீக்கப்பட்டது. பின்னர் 10,000 வீட்டுத் திட்டத்துக்கு 10 பேர்ச்சஸ் என்ற அளவும் வந்தது. அதன் முதற்கட்டத்துக்கு 2024 பெப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது.

எனினும் கட்டிய வீட்டின் திறப்பைப் பெற்றோர் யாவரும் உறுதியைப் பெற்றாரல்லர். கடனைக் கட்டி முடித்தும், வீட்டில் ஆண்டுகள் பல வாழ்ந்தும், பத்திரத்துக்காகக் காத்திருந்த குடும்பங்கள் பல. இதனை நான் வலியுறுத்துவதற்கு என் தொழிலும் ஒரு காரணம். பாடசாலைகளில் முதலாம் வகுப்புக்குப் பிள்ளைகளைச் சேர்க்கும்போது, வதிவிடத்தை நிறுவும் ஆவணங்களை நாங்கள் கேட்கிறோம். அவற்றுள் வீட்டுறுதிக்குத் தனி மதிப்புண்டு. உறுதியுள்ள தந்தை ஒரு தாளை நீட்டுகிறார். உறுதியில்லாத தந்தை தோட்டத்திலிருந்து ஒரு கடிதம் பெற்றுவர அலைகிறார். இருவரும் மலையிலேயே பிறந்தவர்கள். ஒரே வரிசையில் நிற்கிறார்கள். வீட்டுரிமை என்பது மழைக்கு ஒதுங்கும் கூரை மட்டுமன்று. முகவரி, கடன், கல்வி, ஊராட்சி ஆகிய யாவற்றுக்கும் அதுவே வாசல்.

தனிவீட்டை விரும்புவோர் மறந்துவிடலாகாத செய்திகளும் உள. லயத்து வாழ்வில் நன்மையே இல்லையென்று கூறுவது நியாயமன்று. ஒரு வீட்டிற் குழந்தை அழுதால் அடுத்த காம்பராக்காரி ஓடிவருவாள். ஒரு சாவு விழுந்தால் லயம் முழுதும் அடுப்பெரியாது. காமன் கூத்தும் மாரியம்மன் திருவிழாவும் அந்த நெருக்கத்தில் வளர்ந்தவை. மேட்டில் ஒன்றும் பள்ளத்தில் ஒன்றுமாக வீடுகள் சிதறும்போது, அவ்வுறவைத் தாங்கும் பொதுமண்டபமும் விளையாட்டிடமும் பாதையும் வேண்டும். அன்றியும் மலைச்சரிவைக் கண்டபடி வெட்டிக் கட்டிய தனிவீடு, லயத்தினும் ஆபத்தானதாகலாம். 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயலின்போது, கண்டி மாவட்டம் மண்சரிவுகளாற் பேரிழப்புக்கு உள்ளாயிற்று. மலை சரிந்தபோது அது ஓட்டு வீட்டையும் தகர வீட்டையும் வேறுபடுத்திப் பார்க்கவில்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிவுரையைக் கேளாமல் சரிவிற் கட்டுவது, பிள்ளைகளின் உயிரோடு விளையாடுவதாகும்.

நேயர்களே, இவ்வரலாறு நமக்கு என்ன கற்பிக்கிறது? வீடு தேடுவோர் மூன்று வினாக்களை ஒழுங்காகக் கேட்டல் வேண்டும். முதலாவது: இவ்வீட்டின் உறுதி யார் பெயரில் இருக்கிறது? நகரத்து அடுக்குமாடியானால், அக்கட்டடம் கூட்டாதனமாக முறையே பதிவாகியுள்ளதா, என் வீட்டுக்குத் தனியுறுதி உண்டா, பொதுவுடைமையில் என் பங்கு எவ்வளவு என்று கேட்க வேண்டும். தோட்டத்துத் தனிவீடானால், என் 7 அல்லது 10 பேர்ச்சஸுக்கு நில அளவைப் படமும் உறுதியும் உண்டா என்று கேட்க வேண்டும். இரண்டாவது: காலின் கீழுள்ள மண் நிலைத்து நிற்குமா? மூன்றாவது: எல்லார்க்கும் பொதுவானதைப் பேணப்போகிறவர் யார்? மாடியிற் கூரையும் குழாயும் பொது; மலையிற் பாதையும் வடிகாலும் பொது. இம்மூன்றுக்கும் தெளிவான விடை கிடைத்தபின், மாடியா தனிவீடா என்பது அவரவர் வருவாயையும் வயதையும் விருப்பத்தையும் பொறுத்தது. நகரில் அலுவலகம் செல்லும் சிறு குடும்பத்துக்கு மாடி வீடு உகந்ததாகலாம். மாடும் தோட்டமும் கூட்டுக் குடும்பமும் உடையோர்க்குத் தனிவீடே தகும்.

முதல் வினாவுக்கு விடை இல்லையெனில், மற்றவை யாவும் வீண். உறுதியில்லாத தனிவீடு, முற்றமும் வேலியும் உள்ள காம்பராவே. உறுதியுள்ள மாடி வீடு, நான்காம் தட்டிலிருந்தாலும் சொந்த வீடே. ‘எலி வளையானாலும் தனி வளை’ என்ற பழமொழியில் வரும் தனி என்னும் சொல்லை, சுவர் தனித்திருப்பது என்று மட்டும் பொருள் கொள்ளாமல், பிறர் ‘வெளியே போ’ என்று சொல்ல இயலாதது என்றும் பொருள் கொள்வோம்.

இருநூறாண்டுக்காலம் பிறர் நிலத்தைப் பசுமையாக்கியவர்களுக்கு, 10 பேர்ச்சஸ் மண் பெரிய பரிசு அன்று, நெடுநாள் நிலுவை. அந்நிலுவை முழுதும் தீரும்வரை, மலையகத்து வீடுகளின் எண்ணிக்கையைக் கூறுவோரிடம் நாம் இன்னோர் எண்ணிக்கையையும் கேட்போம்: இவற்றுள் உறுதி கையளிக்கப்பட்டவை எத்தனை?